சிதைந்த புத்தர் சிலையைக் கணினியில் மீட்டெடுப்பது எப்படி? முதல் படத்திலிருந்து கடைசிக் குறிப்பு வரை

சேலம் பெரியேரியில் 'தலைவெட்டி முனியப்பன்' என்ற பெயரில் வழிபடப்பட்டுவந்த சிலை புத்தருடையதுதான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, தொல்லியல் வல்லுநர்கள் சிலையை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை. தாமரைப் பீடத்தில் ஒரு கால் மேல் மறுகால் மடித்த அர்த்தபத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கைகள், சங்காடி என்னும் மேலாடை, சுருள்முடி, உச்சந்தலையில் புடைப்பாக எழும் உஷ்ணிஷம், நீண்ட காதுமடல் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருந்தார்கள். புருவங்களுக்கு இடையே இருக்க வேண்டிய ஊர்ணை என்னும் சுழி நெற்றியில் தெரியவில்லை என்றும், உடலிலிருந்து பிரிந்த தலை பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

எனக்கு முக்கியமாகப்படுவது அந்தக் கடைசிப் பகுதி. சிலையில் இருப்பது எது, இல்லாமல் போனது எது, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது எது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். கணினியில் சிலையை மீட்டெடுக்கும் வேலை முழுவதும் இந்த மூன்றையும் கலந்துவிடாமல் காப்பதுதான். மென்பொருள் பழகுவதற்கு இரண்டு மாதம் போதும். இந்தக் கட்டுப்பாடு கைவர வெகுகாலம் ஆகும்.

ஓரளவு நல்ல கேமரா, நடுத்தரக் கணினி, வார இறுதிகளில் கொஞ்சம் நேரம் ஆகியவை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோழநாட்டு வயல்வெளிகளில் கருங்கல் புத்தர்கள் இன்னமும் மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு நான் சில ஆண்டுகளாகப் பழகிவருகிறேன். இலுப்பை மரத்தடியில் மூன்றரை அடி உயரத்தில் அமர்ந்த கோலம். மூக்கு இல்லை. இடது காது பாதியில் நிற்கிறது. தலையின் மேலிருந்த தீச்சுடர் வடிவம் உடைந்துவிட்டது. ஊரார் 'முனி' என்று அழைக்கிறார்கள். ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள்

முதல் தடவை போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கைவிளக்கும் போதும். சிலையைச் சுற்றி மெதுவாக நடந்து, ஒவ்வொரு சிதைவும் எவ்வகையானது என்று எழுதுங்கள். மழையும் காற்றும் தேய்த்த இடம் வழவழப்பாக, விளிம்பு மழுங்கி இருக்கும். கீழே விழுந்து உடைந்த இடம் கரடுமுரடாக, கல்லின் மணிகள் தெரிய இருக்கும். வேண்டுமென்றே வெட்டிய இடத்தில் உளியின் வரிகள் ஒரே திசையில் ஓடும். கைவிளக்கைக் கல்லின் மேற்பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால் அந்த வரிகள் நிழலாக எழுந்து நிற்கும். மாலை மங்கிய பிறகு இதைச் செய்தால் பகலில் கண்ணுக்கே தெரியாதவை எல்லாம் தெரியும்.

சிமெண்டுப் பூச்சு, பெயிண்ட், பின்னாளில் வைத்த கண்மலர், திருநீற்றுப் படிவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை அழுக்கு அல்ல, சிலையின் வரலாறு.

அடுத்து அனுமதி. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். முக்காலி வைப்பதற்கே தனி அனுமதி தேவைப்படும். வயலில் இருக்கும் சிலையானால் நிலத்துக்காரரிடமும் அங்கே விளக்கேற்றுபவரிடமும் கேட்க வேண்டும். எங்கள் முனிக்கு வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் சாற்றும் அம்மா ஒருவர் இருக்கிறார். படம் எடுப்பதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிடலாமா என்று கேட்டேன். "துடைத்தால் சாமி உடம்பு வறண்டுபோகும் தம்பி" என்றார். அவர் சொல்படியே விட்டுவிட்டேன். கல்லைத் தேய்ப்பது, சோப்பு போடுவது, எழுத்துத் தெளிவாகத் தெரிய சுண்ணாம்புப் பொடி தூவுவது, ரப்பர் அச்சு எடுப்பது ஆகியவற்றை நாம் செய்யவே கூடாது. அவை பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர்களின் வேலை.

எண்ணெய் மினுங்கும் கல்லை எப்படிப் படம் எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. லென்ஸில் ஒரு போலரைசர் வடிகட்டியும், ஃபிளாஷின் முன்னால் ஒரு போலரைசர் தாளும் பொருத்தி, இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் மினுமினுப்பு அடங்கிவிடும். கல்லின் இயல்பான கருமை மட்டும் பதிவாகும்.

படம் எடுத்தல்

நாம் கையாளும் முறைக்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர். ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து, ஒவ்வொரு புள்ளியும் முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு படங்களில் குறைந்தது 70 விழுக்காடு ஒன்றையொன்று மூடியிருக்க வேண்டும்.

மேகமூட்டமான காலை நேரம் சிறந்தது. ஜூம் லென்ஸாக இருந்தால் ஒரே நீளத்தில் ஒட்டுநாடா போட்டு நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சமநிலை, ஐஎஸ்ஓ, துளை ஆகிய மூன்றையும் பூட்டுங்கள். துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200. கோப்புகளை ரா வடிவத்தில், அதாவது கேமரா சுருக்காத மூல வடிவத்தில் சேமியுங்கள்.

எவ்வளவு அருகில் நிற்பது என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படத்தின் அகலம் 6,000 பிக்சல். சென்சார் அகலம் 23.5 மில்லிமீட்டர், லென்ஸ் 35 மில்லிமீட்டர் என்றால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் சுமார் ஒரு மீட்டர் அகலம் படத்தில் விழும். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். உளித்தடம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அதன் குறுக்கே பத்துப் பன்னிரண்டு பிக்சல் கிடைக்கும். உடல் முழுவதற்கும் இது போதும். முகத்துக்கும் உடைந்த பரப்புகளுக்கும் இன்னும் நெருங்கி, அரை மீட்டர் தூரத்தில் தனியாக ஒரு வரிசை எடுங்கள்.

மூன்று உயரங்களில் சிலையைச் சுற்றி வாருங்கள்: முழங்கால் மட்டம், நெஞ்சு மட்டம், தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி. ஒவ்வொரு சுற்றிலும் 36 படமாவது வேண்டும். பிறகு முகவாய்க்கு அடியில், காதுக்குப் பின்னால், கைகளுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் என்று கேமரா எளிதில் போகாத இடங்களைத் தனித்தனியே எடுங்கள். மூன்றரை அடிச் சிலைக்கு எனக்கு 280 படங்கள் ஆயின. தொலைபேசியில் உள்ள, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் ஸ்கேனர் ஒரு மண்டபத்தை அளக்க உதவும். புத்தரின் உதட்டோரத்தை அளக்க உதவாது.

அளவுகோலை மறந்துவிடாதீர்கள். துல்லியமாக அளந்து குறிகள் ஒட்டிய, அரை மீட்டர் நீளமுள்ள நான்கு சட்டங்களைச் சிலையைச் சுற்றித் தரையில் வையுங்கள். மூன்று சட்டங்களை மாதிரிக்கு அளவு கொடுக்கப் பயன்படுத்தி, நான்காவதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மாதிரி உருவான பின் அந்த நான்காவது சட்டம் எவ்வளவு நீளம் காட்டுகிறது என்று பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. வண்ண அட்டை ஒன்றையும் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

படத்திலிருந்து உருவம்

படங்களிலிருந்து உருவம் கட்டும் மென்பொருள்களில் மெஷ்ரூம் இலவசம், திறந்த மூலம். ஆனால் முழு விவரத்துடன் உருவம் எடுக்க என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். அகிசாஃப்ட் மெட்டாஷேப் காசு கொடுத்து வாங்க வேண்டியது, கட்டுப்பாடு அதிகம். எதுவானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் படங்களை ஒழுங்குபடுத்தல், அடுத்து புள்ளிமேகம், அதன்பின் முக்கோண வலை, கடைசியில் வலையின் மேல் நிறம்.

பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பொறி இங்கே உண்டு. தரவு இல்லாத இடங்களில் ஓட்டை விழுந்தால், மென்பொருள் தானாகவே அதை மெழுகியது போல மூடிவிடும். மெட்டாஷேப்பில் 'இன்டர்பொலேஷன்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மெஷ்லாப் என்ற இன்னொரு மென்பொருளில், புள்ளிகளின் மேல் மூடிய பரப்பைப் போர்த்தும் பாய்சான் முறையில் வலை கட்டினாலும் இதே கதிதான். காதுக்குப் பின்னால் நீங்கள் படம் எடுக்காத இடம் அழகான வளைவாக வந்து நிற்கும். அது கல் இல்லை. நீங்கள் ஒரு கோடும் போடுவதற்கு முன்பே உங்கள் கணினி சிலையை 'மீட்டெடுக்க' ஆரம்பித்துவிட்டது. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். ஓட்டை ஓட்டையாகவே தெரியட்டும். இயன்றால் மறுபடி போய் அந்த இடத்தைப் படம் எடுங்கள்.

இப்படி வந்த முதல் மாதிரியைத் திருத்தாமல், தேதியோடு தனியாகச் சேமித்துப் பூட்டிவிடுங்கள். இனி நடப்பதெல்லாம் அதன் நகலில்தான்.

சான்று தேடுதல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். மென்பொருளை மூடிவிட்டு நூலகம் போக வேண்டிய கட்டம்.

பாமியான் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆப்கானிஸ்தானில் மலைமுகத்தில் குடைந்த 55 மீட்டர், 38 மீட்டர் உயரப் புத்தர்கள் இருவரையும் 2001 மார்ச் மாதத்தில் தாலிபான் வெடிவைத்துத் தகர்த்தது. அதே ஆண்டில் சூரிச் கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்மின் குருயன் குழுவினர் பெரிய புத்தரைக் கணினியில் மீண்டும் உருவாக்கத் தொடங்கினார்கள். அளக்கச் சிலை இல்லை. அவர்களிடம் மூன்று வகைப் படங்கள் இருந்தன: இணையத்தில் சேகரித்தவை, சுற்றுலாப் பயணி எடுத்தவை, 1970இல் ஆஸ்திரியாவின் கோஸ்ட்கா அளவைக் கேமராவால் எடுத்தவை. மூன்றாவது வகைதான் காப்பாற்றியது. எந்த நோக்கத்துக்காகவோ அக்கறையாக எடுத்துவைத்த மூன்றே கண்ணாடித் தகட்டுப் படங்கள், முப்பது ஆண்டு கழித்து, அழிந்துபோன ஒரு சிலைக்கு உருவம் கொடுத்தன.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. கணினி தானாகப் பொருத்திய புள்ளிகளிலிருந்து சிலையின் பொது வடிவம் நன்றாக வந்தது. ஆனால் ஆடையின் மடிப்புகள் மங்கி மறைந்துவிட்டன. அந்த மடிப்புகள் பாறையில் செதுக்கப்பட்டவை அல்ல. பாறையில் மர முளைகளை அடித்து, கயிறு கட்டி, மேலே மண்சாந்து பூசி உருவாக்கியவை. மெல்லிய அந்த வரிகளைக் கணினி வழவழப்பாக்கிவிட்டது. கடைசியில் மனிதர் ஒருவர் அமர்ந்து, இரட்டைப் படங்களைப் பார்த்து, மடிப்பு மடிப்பாகக் கையால் அளந்தார். தானியங்கி முடிவை நம்பி அங்கேயே நிறுத்தியிருந்தால், மொட்டையான ஓர் உருவம்தான் உலகுக்குக் கிடைத்திருக்கும்.

ஆகவே பழைய படங்களைத் தேடுங்கள். மாவட்ட நூலகத்தின் பழைய மலர்கள், தொல்லியல் ஆண்டறிக்கைகள், அருங்காட்சியகப் பட்டியல்கள், ஊரில் யார் வீட்டிலாவது மாட்டியிருக்கும் திருவிழாப் படம் எதையும் விடாதீர்கள். ஒரு கல்யாண வீட்டுக் குழுப்படத்தின் பின்னணியில் எங்கள் முனி இருப்பதைப் பார்த்தேன். நகத்தளவுதான். ஆனால் அந்தப் படம் எடுத்தபோது இடது காது முழுதாக இருந்தது என்பது அதில் தெரிந்தது. காதின் நீளம், அது தோளைத் தொட்டதா இல்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நகத்தளவுப் படம் பதில் சொல்லியது.

பழைய படம் கிடைத்தால், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அதைப் பின்னணியாக வைத்து, உங்கள் மாதிரியை அதே கோணத்துக்குத் திருப்பி, உடையாத இடங்கள் (முழங்கால் நுனி, பீடத்தின் விளிம்பு, வலது தோள்) சரியாகப் பொருந்தும் வரை கேமராவின் நிலையை மாற்றுங்கள். அவை பொருந்திவிட்டால், படத்தில் உள்ள காதின் வெளிக்கோடு உங்கள் மாதிரியில் எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உடைந்த துண்டுகளைச் சேர்த்தல்

துண்டு கிடைத்தால் அதைவிடப் பெரிய சான்று இல்லை. துண்டைத் தனியாகப் படம் எடுத்து மாதிரியாக்குங்கள். கிளவுட்கம்பேர் மென்பொருளில் சிலையின் உடைந்த பரப்பையும் துண்டின் உடைந்த பரப்பையும் எதிரெதிரே வைத்து, குறைந்தது நான்கு பொதுப் புள்ளிகளைக் கையால் குறித்துக் கொடுத்தால், மீதியை அது நுணுக்கமாகப் பொருத்தும். பொருத்தம் மெய்யானதா என்பதை இடைவெளியின் நிற வரைபடம் காட்டும். உடைந்த விளிம்பில் கொஞ்சம் கல் எப்போதும் தூளாகியிருக்கும். அதனால் ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருப்பது இயல்பு. நடுவில் இடித்துக்கொண்டு ஓரத்தில் பொருந்துகிறது என்றால் அது வேறு சிலையின் துண்டு.

இந்த முறை பெரிய அளவில் கைகொடுத்தது சீனக் குகைகளில். ஹெபெய் மாகாணத்தின் ஷியாங்டாங்ஷான் குகைகள் வட சி அரசமரபின் காலத்தவை, அதாவது 550 முதல் 577 வரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகளும் கைகளும் முழுச் சிலைகளும் வெட்டி எடுக்கப்பட்டு, வணிகர்கள் வழியாக அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. சிகாகோ பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிய திட்டத்தில், சிதறிக் கிடந்த துண்டுகளையும் குகையையும் தனித்தனியே ஸ்கேன் செய்து, கணினியில் அவற்றை மீண்டும் அவற்றின் சுவரில் வைத்துப் பார்த்தார்கள். 2010இல் அது கண்காட்சியாக வந்தது. ஒரு கல்லையும் நகர்த்தாமல் ஒரு குகையை ஒன்றுசேர்க்க முடிந்தது.

ஆனால் கணினியில் ஒன்றுசேர்ந்ததால் கணக்கு தீர்ந்துவிடவில்லை. ஷான்ஷி மாகாணத்தின் தியான்லோங்ஷான் குகைகளில் 8ஆம் குகையின் வடசுவரிலிருந்து வெட்டப்பட்ட புத்தர் தலை ஜப்பானில் ஏலத்துக்கு வர, அது சீனாவுக்குத் திரும்பி, 2021இல் தன் மலைக்கே வந்து சேர்ந்தது. அந்த மலையிலிருந்து 1920களில் சூறையாடப்பட்டவற்றில் முதலில் வீடு திரும்பியது அதுதான். நாம் செய்யும் மாதிரி அப்படிப்பட்ட கோரிக்கைக்குச் சான்றாக நிற்க வேண்டும். 'மாதிரி இருக்கிறதே, மூலம் எதற்கு' என்று சொல்ல யாருக்கும் இடம் கொடுத்துவிடக் கூடாது.

இல்லாததை நிரப்புதல்

துண்டும் இல்லை, படமும் இல்லை என்ற நிலையில் என்ன செய்வது? நான் ஒரு படிவரிசை வைத்திருக்கிறேன். முதலில் சிலையின் துண்டு. அடுத்து சிலையின் பழைய படம். அடுத்து அதே சிலையின் சிதையாத மறுபாதி. அடுத்து அதே வட்டாரத்தில் அதே காலத்தில் அதே கல்லில் செய்த இன்னொரு சிலை. கடைசியில் சிற்ப நூல்களின் அளவுகள். மேற்படியில் சான்று இருக்கும்போது கீழ்ப்படிக்கு இறங்குவதில்லை. ஐந்திலும் எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுகிறேன்.

மூன்றாம் படியில் நான் சறுக்கியதைச் சொல்கிறேன். முனியின் தலை இடப்பக்கம் தேய்ந்திருந்தது. வலப்பக்கச் சுருள்முடி தெளிவாக இருந்தது. பிளெண்டரில் வலப்பாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இடப்பக்கத்தில் ஒட்டினேன். பார்க்க நிறைவாக இருந்தது. வயதான ஸ்தபதி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் இறக்கிவிட்டுக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் ஒரு சுருளைத் தொட்டார். "இது வலஞ்சுழி." விரல் மறுபக்கம் போனது. "இது இடஞ்சுழி. புத்தருக்கு ஏது இடஞ்சுழி?" புத்தருக்குரிய உடல் அடையாளங்களான மகாபுருஷ இலக்கணங்களில் ஒன்று, வலப்புறம் சுழலும் முடி. கண்ணாடிப் பிம்பம் ஒவ்வொரு சுருளையும் இடப்புறமாகத் திருப்பியிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து சுருள்களை ஒவ்வொன்றாக நகலெடுத்து, திருப்பாமல் நகர்த்தி மட்டும் வைத்தேன்.

அன்று முதல் பிம்பமாக்கும் கருவியைத் தொடும் முன் யோசிக்கிறேன். மேலாடை இடத்தோளை மூடி வலத்தோளைத் திறந்துவிட்டிருக்கும். இடத்தோளில் அதன் மடிப்பு முனை தொங்கும். தியான முத்திரையில் ஒரு கையின் மேல் இன்னொரு கை இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. புத்தர் சிலை தொலைவில் நின்று பார்க்கையில் இருபுறமும் ஒன்றுபோலத் தெரியும், நெருங்கினால் அப்படி இருக்காது.

நான்காம் படியிலும் எச்சரிக்கை தேவை. முனியின் தலைச்சுடருக்கு முன்மாதிரி தேடியபோது நாகப்பட்டினம் செப்புத் திருமேனிகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. 1856 முதல் அங்கே 350க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புப் படிமங்கள் கிடைத்திருக்கின்றன. உஷ்ணிஷத்தின் மேல் எழும் தீச்சுடர் அவற்றின் அடையாளம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் அங்கே கட்டிய சூடாமணி விகாரமும், அதற்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் நாம் அறிந்தவை. வட்டாரம் பொருந்துகிறது, காலமும் பொருந்துகிறது. பொருள்தான் பொருந்தவில்லை. செம்பில் சுடரை இலைபோல மெலிதாக வார்க்கலாம். கருங்கல்லில் அவ்வளவு மெலிதாகச் செதுக்கினால் அடுத்த அடியில் உடைந்துவிடும். செப்புச் சுடரை அப்படியே கல் தலையில் வைத்தால் அது கல்தச்சன் கையிலிருந்து வந்ததாக இருக்காது. அதனால் அருங்காட்சியகங்களில் உள்ள சோழநாட்டுக் கல் புத்தர்களின் தடித்த, தலையோடு ஒட்டிய சுடர்களைப் பார்த்துத்தான் வடிவம் எடுத்தேன்.

சிற்ப நூல் அளவுகள் சரிபார்க்க உதவும். முகத்தின் நீளம் ஒரு தாலம், தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். முகத்தை மூன்று சம பாகமாகப் பிரித்தால் மூக்கு நடுப்பாகத்தில் வரும். நீங்கள் செய்த மூக்கு அதை மீறினால் சந்தேகப்படுங்கள். ஆனால் அளவு மட்டும் மூக்கைத் தராது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் படத்தைக் கொடுத்து 'முகத்தைச் சரிசெய்' என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவை தருவது பார்த்த ஆயிரம் முகங்களின் சராசரி. காந்தாரத்தின் கூர்மூக்கும் தாய்லாந்தின் வில்புருவமும் சோழநாட்டுக் கன்னத்தில் வந்து உட்காரும். எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. பதில் சொல்ல முடியாத எதையும் நான் சிலையில் சேர்ப்பதில்லை.

சேர்த்தது சேர்த்ததாகத் தெரியட்டும்

பிளெண்டரில் ஒவ்வொரு சேர்க்கையையும் தனிப் பொருளாக வையுங்கள். மூல வலையோடு ஒருபோதும் ஒன்றாக இணைக்காதீர்கள். நிறமும் தனி. கல் தன் நிறத்தில் இருக்கட்டும். பொருத்திய துண்டு இளங்காவி, படத்தின் சான்றில் வந்தது நீலச்சாம்பல், பிற சிலையைப் பார்த்து வந்தது வெளிர்சாம்பல். சேர்த்த பகுதியில் கல்மணிகளையும் பாசியையும் வரைந்து பழமைத் தோற்றம் கொடுக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பவருக்கு வேறுபாடு உடனே தெரிய வேண்டும், பத்தடி தள்ளி நிற்பவருக்கு உருவம் முழுதாகத் தெரிய வேண்டும்.

பாகிஸ்தானில் ஸ்வாத் பள்ளத்தாக்கின் ஜஹானாபாத்தில் பாறையில் செதுக்கிய புத்தர் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 2007இல் தாலிபான்கள் முகத்தில் துளையிட்டு வெடிவைத்தார்கள். இத்தாலியத் தொல்லியல் குழுவினர் 2012இல் சிதைந்த பரப்பைப் பாதுகாக்கத் தொடங்கி, லேசர் அளவீடுகளையும் பழைய படங்களையும் கொண்டு முகத்தை முதலில் கணினியில் உருவாக்கிப் பார்த்துவிட்டு, அதன்பிறகே கல்லைத் தொட்டார்கள். 2016இல் பணி முடிந்தது. முகம் திரும்ப வந்தது, ஆனால் பழைய முகத்தின் அச்சு அசல் நகலாக அல்ல. சேதம் நடந்தது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று குழுவின் தலைவர் லூக்கா மரியா ஒலிவியெரி கருதினார். அந்த முடிவு சரி என்றே நான் நம்புகிறேன். அடிபட்ட தடமே இல்லாத புத்தரைக் காட்டினால், அடித்தவர்களின் செயலையும் நாமே சேர்த்து அழித்துவிடுகிறோம்.

வண்ணம் பூச ஆசை வரும். பூசுவதற்கு முன் எந்தக் காலத்து வண்ணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாமியான் சிதிலங்களை ஆராய்ந்த மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், சிலைகள் பலமுறை வண்ணம் பூசப்பட்டவை என்று கண்டார்கள். பெரிய புத்தரின் ஆடை தொடக்கத்தில் வெளிப்புறம் இளஞ்சிவப்பு, பிறகு ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. சிறியவர் இறுதியில் வெள்ளை. இதில் எது 'உண்மையான' நிறம்? ஒவ்வொன்றும் அதனதன் நூற்றாண்டில் உண்மை. ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மாதிரியின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கல்லில் வண்ணத் துணுக்கே இல்லையென்றால் பூசாதீர்கள்.

குறிப்பேடும் ஒப்படைப்பும்

2006இல் உருவாகி 2009இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம், பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துபவர்கள் தங்கள் முடிவுகளுக்கான காரணங்களையும் ஆவணப்படுத்த வேண்டும் என்கிறது. நடைமுறையில் ஓர் எளிய அட்டவணை போதும்: எந்தப் பகுதி, எந்தச் சான்று, எவ்வளவு உறுதி, யார் செய்தது, எந்தத் தேதி. 'மூக்கு நுனி: சான்று இல்லை, நிரப்பவில்லை' என்பதும் ஒரு பதிவுதான். ரா படங்கள், திருத்தாத முதல் மாதிரி, சேர்க்கைகள், குறிப்பேடு ஆகிய நான்கையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மாதிரியைப் பிளை அல்லது ஓபிஜே வடிவத்தில் வைத்தால் எந்த மென்பொருளிலும் திறக்கும்.

இணையத்தில் ஏற்றுமுன் படங்களில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். காவல் இல்லாத சிலையின் இருப்பிடத்தை ஊரறியச் சொல்வது திருடனுக்கு வழிகாட்டுவது. ஊர்ப் பெயரை நான் எழுதாதது அதனால்தான். மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். துல்லியமான இருப்பிடம் தொல்லியல் துறைக்குக் கொடுக்கும் பிரதியில் இருந்தால் போதும்.

வேலை முடிந்ததும் ஊருக்கு ஒரு பிரதி கொடுங்கள். முனியின் மாதிரியைப் பெரிய தாளில் அச்சிட்டு விளக்கேற்றும் அம்மாவிடம் காட்டினேன். "காதும் கொண்டையும் ஏன் சாம்பலாக இருக்கிறது?" என்று கேட்டார். "அவை நான் வைத்தவை அம்மா. பழைய படத்தையும் மற்ற சிலைகளையும் பார்த்து வைத்தேன்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர்க்காத படம் இருந்தால் அதையும் கொடு தம்பி, வீட்டில் மாட்ட அதுதான் வேண்டும்" என்றார். இரண்டையும் கொடுத்தேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் அதே கேமரா, அதே லென்ஸ், அதே அளவுச் சட்டங்களோடு மறுபடி போங்கள். புதிய மாதிரியையும் பூட்டிவைத்த முதல் மாதிரியையும் கிளவுட்கம்பேரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தூர வேறுபாட்டைக் கணக்கிடச் சொல்லுங்கள். கல் உதிர்ந்த இடம், பாசி தடித்த இடம், யாரோ புதிதாகச் சிமெண்டு பூசிய இடம் எல்லாம் தனித்தனி நிறத்தில் வரும். வேறுபாடு நீங்கள் குறித்துவைத்த பிழை அளவைத் தாண்டினால் படத்தோடு ஒரு கடிதம் எழுதி மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.